நடக்கும் மினுக்கம்

நெவில் ஓல்டர்ஷா ஒரு தண்ணீர்க் குழாயை இருபது நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். குளியலறைச் சாமான்கள் விற்கும் கடையில் அவனுக்கு வேலை என்பதால் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் மண்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். குழாய் வாங்க வந்த ஒரு அம்மாள் மிரண்டுபோனாள்.

“என்னப்பா, ஒழுகுதா?”

“இல்லங்க. வானம் எங்க முடியுதுன்னு பாக்கறேன்.”

அந்த அம்மாள் வேறு கடைக்குப் போய்விட்டாள். இதை நெவிலே என்னிடம் வந்து சொன்னான், பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு.

பளபளக்கும் குழாய்க்குச் சொந்தமாக நிறம் கிடையாது. மேலே வானத்தின் நீலம், கீழே தரையின் பழுப்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு கருங்கோடு, எங்கேயாவது கண்ணைக் குத்தும் ஒரு வெள்ளைப் புள்ளி. எல்லாமே சுற்றுப்புறத்திலிருந்து திருடியது. அந்தத் திருட்டைக் கட்டைவிரல் உயரமுள்ள ஒரு பொம்மைப் போர்வீரனின் மார்புக் கவசத்தில், வெறும் நீலத்தாலும் சாம்பலாலும் வெள்ளையாலும் செய்து காட்ட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள்தான் பொம்மை வீரர்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் எங்கள் கூட்டத்தில் மேட்டுக்குடி. வெள்ளித்தூள் கலந்த மினுக்குப் பெயிண்ட் என்று ஒன்று புட்டியிலேயே கிடைக்கிறது. ஒரு இழுப்பு இழுத்தால் கவசம் ஜொலிக்கும், வீரன் அன்று சாயங்காலமே மேஜைமேல் ஆடும் விளையாட்டுச் சண்டைக்குப் போகலாம். அதைப் பூசுகிறவர்களையும் நாங்கள் மனிதர்களாகவே மதிக்கிறோம். சில பேர் எங்களுக்கு உறவினர்கள்கூட.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நெவில் வேலை செய்த அந்த வீரன் வெள்ளீயத்தில் வார்த்தவன். அதாவது உலோகத்தால் ஆன பொம்மையை வாங்கி, அது உலோகம் என்று தெரியாதபடி கறுப்பு பூசி, பிறகு அது உலோகம்போலத் தெரிய ஆறு வாரம் உழைப்பது. வெளியாள் யாராவது இதைக் கேட்டுச் சிரித்தால் நாங்கள் கோபப்படுவதில்லை. பரிதாபப்படுகிறோம்.

இங்கிலாந்தில் எங்கள் ஊரான நாட்டிங்காமில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு பொம்மைப் போர் விளையாட்டு ஸ்டூடியோவின் வாசலில்தான் விழ வேண்டும். அதில் ஒன்றில் பெயிண்ட் அடிப்பவனாகச் சேர வேண்டும் என்பது நெவிலின் ஆசை. விளையாட்டுப் பெட்டியின் மேலே போடும் படத்துக்கு வீரனைத் தீட்டித் தருகிற வேலை. அங்கே தலைமை ஓவியர் ரூபர்ட் ஃபென்னிமோர். நெவில் இரண்டு முறை மாதிரி அனுப்பினான். இரண்டு முறையும் ஒரே வரியில் பதில் வந்தது: ‘உங்கள் உலோகம் பயப்படுகிறது.’ வெள்ளையையும் கருமையையும் துணிந்து வைக்கவில்லை என்று அர்த்தம்.

இந்த நவம்பரில் அங்கே ஒரு இடம் காலியானது. பீஸ்டன் தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமை நடக்கும் எங்கள் சங்கப் போட்டிக்கு ஃபென்னிமோரே நடுவர். மினுக்குப் பெயிண்ட் இல்லாத பிரிவிலிருந்து ஆளை எடுப்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நெவிலுக்கு ஐம்பத்திரண்டு வயது. நான்காவது முறை என்று ஒன்று வராது என்று அவனுக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. புதன்கிழமை மாலை நான் அவன் வீட்டுக்குப் போனபோது சமையலறை மேஜையில் வீரன் ஒயின் பாட்டில் தக்கையின்மேல் நின்றுகொண்டிருந்தான். நெவில் தலையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவான், எழுந்திருப்பான், ஜன்னலுக்குப் போவான், திரும்பி வந்து பிரஷ் நுனியை உதட்டால் கூராக்கி ஒரு புள்ளி வைப்பான், அதை உடனே துடைப்பான். அவன் மனைவி லொரேய்ன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“டெரிக், அந்த ஆளு நெஞ்சுக்கு இவரு இதுவரைக்கும் பதினோரு தடவ பெயிண்ட் அடிச்சாச்சு,” என்றாள் என்னிடம். “எங்க கூடத்துச் சுவரு ஒரு தடவைக்காக ஆறு வருஷமா காத்துக்கிட்டிருக்கு.”

“வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு முடிவு பண்ணாம சுவத்துல எப்படிக் கை வைக்கறது?” என்றான் நெவில், நிமிராமலே.

“ஜன்னல் பக்கத்துலேருந்துதான் வருது, நெவில். நமக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து.”

“இந்தத் தோள்பட்டையப் பாரு. துணிச்சலா இருக்கா, பயப்படுதா?”

“பசியா இருக்கு. எனக்கு. மேஜையக் காலி பண்ணு.”

வெள்ளிக்கிழமை மதியம் எனக்குப் போன் செய்து, “முடிஞ்சுது, இனிமே தொட மாட்டேன்,” என்றான். நான் வாழ்த்தினேன். இருபது வருஷப் பழக்கத்தில் நான் அதை நம்பவில்லை.

சங்கத்துக்கு நான்தான் செயலாளர். நாற்காலி அடுக்குவது, டீ போடுவது, குவளை கழுவுவது என்று விரித்துச் சொன்னால் பதவியின் கம்பீரம் போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை அதே கூடத்தில் எங்கள் வழக்கமான கூட்டம் நடந்தது. யாரோ ஒரு புண்ணியவான் குள்ளர் படை ஒன்று முழுவதற்கும் தங்க மினுக்குப் பூசி, பிரஷ்ஷை ஒரு நீலக் குவளையில் அலசியிருக்கிறான். மினுக்குக்குத் தனிக் குவளை, மற்றதற்கு நீலக் குவளை என்பது எங்கள் முதல் சட்டம். தூள் தண்ணீரில் கலந்தால் அந்தத் தண்ணீர் தொட்ட பெயிண்ட் எல்லாம் மினுக்கும். சனிக்கிழமை காலை எட்டரைக்கு நான் வந்து, நீலக் குவளையில் இருந்ததைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்துவைத்தேன். கழுவினேனா என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். தண்ணீரைக் கொட்டினேன் என்பதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

முதலில் வந்தவர் ஃபென்னிமோர். பட்டு அரைக்கோட்டு, அதில் ஒரு சங்கிலி, சங்கிலியின் நுனியில் ஒரு குட்டிச் சாவி. கையில் கண்ணாடிப் பேழை. போட்டிக்கு அல்ல, தரிசனத்துக்கு என்று அவர் கொண்டுவந்த வீரன் உள்ளே இருந்தான். கீழே பித்தளைத் தகட்டில் ‘அந்திச் சூரியனின் கடைசிக் காவலன்’ என்று எழுதியிருந்தது. மூன்று அங்குலப் பொம்மைக்கு நான்கு அங்குலப் பெயர்.

பேழையை மேடைமேல் வைத்தவர் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு கூடத்தில் வேறு யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, “கொஞ்சம் தண்ணி கிடைக்குமா, டெரிக்? குடிக்க இல்ல,” என்றார்.

நீலக் குவளையை நீட்டினேன். பூட்டைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து பிரஷ் எடுத்து, வாளின்மேல் மூன்று புள்ளி வைத்தார்.

“முடிஞ்சுபோன வேலைதானே இது? மூணு வருஷமா ஸ்டூடியோ வாசல்ல இருக்கே?” என்றேன்.

“முடிஞ்சுதுங்கறது வேற. முழுமைங்கறது வேற.”

தலையசைத்தேன். அவரும் பூட்டிவிட்டு பேக்கன் வைத்த பன் தேடிப் போனார்.

ஒன்பதரைக்கு நெவில் வந்தான், கேக் டப்பாவில் வீரனோடு. இனிமேல் தொட மாட்டேன் என்றவன் பெயிண்ட்டையும் பிரஷ்ஷையும் கொண்டுவந்திருந்தான்.

“ஒண்ணே ஒண்ணு, வாத்தே. தோள்பட்டையில ஒரே ஒரு புள்ளி.” இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும், குளத்தில் நீந்தும் பறவையைக் கூப்பிடுவதுபோல, வாத்தே என்றுதான் கூப்பிடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நீலக் குவளையில் பிரஷ்ஷை நனைத்தான், உதட்டில் வைத்துக் கூராக்கினான், புள்ளி வைத்தான். தள்ளி வைத்துப் பார்த்தான். கழுத்தில் ஒன்று வைத்தான். பிறகு நெஞ்சில். ட்யூப் லைட் வெளிச்சத்தில் எல்லாம் அருமையாகவே இருந்தது. உண்மையாகவே சொல்கிறேன், அந்தக் கவசத்தைப் பார்த்ததும் எனக்கு விரலால் தட்டிப் பார்க்கத் தோன்றியது. தட்டினால் சத்தம் வரும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து, எங்கள் ஊரில் நவம்பர் மாதத்தில் வழக்கமில்லாத ஒரு காரியம் நடந்தது. வெயில் வந்தது. ஜன்னல் வழியே மேஜைமேல் விழுந்தது. வீரன் தோளிலிருந்து கண்ணடித்தான்.

நெவில் தக்கையை மெல்லத் திருப்பினான். தீட்டிய மினுக்கம் எப்படித் திருப்பினாலும் வைத்த இடத்திலேயே நிற்கும். தூளின் மினுக்கம் வெளிச்சத்தோடு கூடவே நகரும். தோள்பட்டையில் ஒரு பொன்துகள் இங்கிருந்து அங்கே போனது.

“டெரிக்,” என்றான். “இது நடக்குது.”

குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அடியில் தங்கத் தூள் சுழன்றுகொண்டிருந்தது.

“இந்தக் கப்ப யாரு கழுவினது?”

“கழுவறதா?” என்றேன். செயலாளர்கள் இப்படித்தான் நேரம் சம்பாதிப்பார்கள்.

பெயர் கொடுக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நெவில் அந்தத் துகளின்மேல் சாம்பல் நிறம் வைத்து மூடினான். மூடிய இடத்தில் இரண்டு முளைத்தன. பிரஷ்ஷை மாற்றினான். மறுபடியும் முளைத்தது. பெயிண்ட் தட்டை மாற்றினான், கழிவறைக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தான். அப்படியும் முளைத்தது. அப்போதுதான் நான் கவனித்தேன். அவன் மீசையிலும் கீழுதட்டிலும் தங்கம் மின்னியது. கோயில் சிலைபோல இருந்தான்.

“வாயில இருக்குடா! பிரஷ்ஷ வாயில வைக்காத!”

“வைக்கலையே,” என்றான், வைத்துக்கொண்டே.

முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவினான். என் பிரஷ்ஷை வாங்கினான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தை இரண்டு சுற்று சுற்றினான், மீண்டும் உட்கார்ந்தான். ஒவ்வொன்றாக மூடினான். பத்தரைக்கு ஒன்றுதான் மிச்சம். தோள்பட்டைக்கும் கழுத்துப்பட்டைக்கும் நடுவிலுள்ள இடுக்கில், பிரஷ் நுழையாத இடத்தில்.

“ஒண்ணு உள்ள ஒளிஞ்சிருக்கு,” என்றான்.

“யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமே.”

“நீ நடுவர் இல்லையே, வாத்தே.”

நடுவர் என்ற சொல் என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நெவிலுக்கு முன்னால் அந்தக் குவளையைத் தொட்டவர் ஃபென்னிமோர். மேடையைப் பார்த்தேன். கடைசிக் காவலன் பேழைக்குள் வாளை உயர்த்தி நின்றான். போய்ச் சொல்லியிருக்கலாம். செயலாளர் பதவிக்குத் தேர்தல் அடுத்த மாதம். நான் டீ போடப் போனேன்.

பதினொரு மணிக்கு நடுவர் டார்ச்சை எடுத்தார். நாற்பது பேர் கூடியிருந்தோம். ஒவ்வொரு வீரனையும் இடது கையில் தூக்கி, வலது கையால் டார்ச்சைப் பிறைபோல வளைத்துக் காட்டினார்.

“நிக்கற மினுக்கம் கலை. நடக்கற மினுக்கம் கடைச் சரக்கு,” என்றார். இரண்டு பேர் அதை எழுதிக்கொண்டார்கள்.

நெவிலின் வீரன் முறை வந்தது. டார்ச் வளைந்தது, நின்றது, மீண்டும் வளைந்தது. ஃபென்னிமோர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் கிட்டத்தில் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நொடி பந்தா எல்லாம் வடிந்துபோய், நல்ல வேலையைப் பார்க்கிற வெறும் மனிதன் தெரிந்தான்.

“இது பயப்படலையே,” என்றார் மெதுவாக.

நெவில் என் முழங்கையைப் பிடித்தான். வலித்தது.

டார்ச் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. இடுக்கிலிருந்து அந்தத் துகள் எட்டிப்பார்த்தது.

“ஆனா நடக்குது.” வீரனை ஓரமாக, டீத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

“அது தண்ணியிலேருந்து வந்தது, மிஸ்டர் ஃபென்னிமோர்! பெயிண்ட் இல்ல. கப்புல இருந்த தூள். டெரிக்கக் கேளுங்க!”

நான் கூரையைப் பார்த்தேன்.

“தண்ணிதான், மிஸ்டர் ஓல்டர்ஷா. எல்லாரும் சொல்ற சாக்கு தண்ணிதான்,” என்றார் நடுவர், கூட்டத்தைப் பார்த்து. உபதேசம் கேட்க ஆள் கிடைத்தால் அவர் விடுவதில்லை. “கவனமுள்ளவன் கைக்குத் தூள் வராது. முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். என் வேலையில ஒரு துகள், ஒரே ஒரு துகள் காட்டுங்க பாக்கலாம்!”

அதோடு நிறுத்தியிருக்கலாம். பேழையைத் திறந்து காவலனை வெளியே எடுத்து, தானே டார்ச் அடித்தார்.

வாளின் மேல்முனையிலிருந்து மூன்று பொன்துகள்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கைப்பிடிவரை இறங்கி வந்தன.

அவர் பார்த்தார். பக்கத்தில் நின்ற நெவில் பார்த்தான். நான் பார்க்காமலே பார்த்தேன். மற்றவர்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. கடைசி வரிசையில் ஆர்னல்ட் ஸ்பைபி மட்டும் எழுந்து நின்றார். போன மாதம்தான் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன். புதுக் கண்ணை வீணாக்க மனசில்லாமல் எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பவர்.

“ஏப்பா, அந்த வாள்ல ஏதோ ஓடின மாதிரி இருந்துச்சே?”

டார்ச் பிடித்த கை அசையவில்லை. அசைந்தால் துகள்கள் மறுபடி ஓடும்.

“மிஸ்டர் ஓல்டர்ஷா,” என்றார் ஃபென்னிமோர். குரல் ஒரு சுருதி ஏறியிருந்தது. “நீங்கதான் கிட்ட இருக்கீங்க. உங்க கண்ணு நல்ல கண்ணு. அது என்னன்னு நீங்களே சொல்லுங்க.”

நெவில் குனிந்தான். இடப்பக்கமிருந்து பார்த்தான், வலப்பக்கமிருந்து பார்த்தான். இவனைப் பற்றி எனக்குத் தெரியும். காசோடு வந்து நின்றவரிடம், இந்தக் குழாயில் பிரதிபலிப்பு சரியில்லை, வாங்காதீர்கள் என்று சொன்னவன். வாள் நடக்கிறது என்று சொல்லத்தான் போகிறான். மானம் நம் பக்கம், வேலை காற்றில்.

நிமிர்ந்தான். ஓரமாகக் கிடந்த தன் வீரனைப் பார்த்தான்.

“தூசி,” என்றான்.

“தூசி,” என்று அறிவித்தார் ஃபென்னிமோர், அரசு ஆணையை வாசிப்பவர்போல.

“தூசியா? ஓடுச்சேப்பா!” என்றார் ஸ்பைபி.

“தூசி ஓடும், ஆர்னல்ட். உக்காருங்க, டீ வருது,” என்றேன். வரலாற்றில் என் பங்கு அவ்வளவுதான்.

கோப்பை ஒரு பல் டாக்டருக்குப் போனது. அவருடைய வீரன் ஓட்ஸ் கஞ்சியில் செய்ததுபோன்ற கவசம் போட்டிருந்தான். ஆனால் அவர் டிராம் தாமதமாகி வந்ததால் எந்தக் குவளையையும் தொடவில்லை. டீ அண்டாவுக்குப் பக்கத்தில் ஃபென்னிமோர் நெவிலின் கையைக் குலுக்கினார். தூசியைப் பற்றிப் பேசவில்லை. “உங்க உலோகம் தேறிடுச்சு. திங்கக்கிழமை ஒம்பது மணி,” என்றார்.

நான்தான் அவனைக் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ஜன்னலை இறக்குவான், ஏற்றுவான்.

“வேலை கிடைச்சிருச்சு,” என்று லொரேய்னிடம் சொன்னான், கோட்டைக் கழற்றாமல். நடந்ததையும் சொன்னான்.

“பொய் சொன்னியா? நீயா?” என்றாள் அவள். “எங்கம்மா சுட்ட கேக் எப்படி இருக்குன்னு கேட்டப்போ இந்த வாய் எங்க போச்சு?”

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். ஒருவன் ஐம்பத்திரண்டு வயதில் ஆசைப்பட்ட வேலைக்குப் போகிறான், நான்கூட மகிழ்ந்தேன். அவன் மட்டும் அவள் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் மாதம் சங்கத்துக்குப் பொம்மைகள் வாங்க அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். முன்வாசலுக்குள் நுழைந்ததும் கடைசிக் காவலன்தான் வரவேற்றான். விற்பனைப் பிரிவினர் அவனுக்குப் புது மரியாதை செய்திருந்தார்கள். தலைக்கு மேலே ஒற்றை விளக்கு, காலுக்குக் கீழே தானாகச் சுழலும் பீடம். பீடம் மெதுவாகச் சுற்றியது. வாள் என் பக்கம் திரும்பியபோது மூன்று துகள்களும் வரிசையாக இறங்கி மறைந்தன. ஒரு சுற்றுக்கு ஒரு முறை. வரவேற்பு மேஜைப் பெண் அதைப் பார்த்து, “அழகா இருக்குல்ல?” என்றாள்.

நெவில் எங்கே என்று கேட்டேன். பின்பக்கம், லாரி நிற்கும் இடத்தில் இருப்பார் என்றாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. நெவில் சரக்கு இறக்கும் வாசலில் நின்றுகொண்டே சாண்ட்விச் சாப்பிட்டான். இளைத்திருந்தான்.

“ஃபென்னிமோர்கிட்ட பேழைச் சாவியக் கேட்டேன், டெரிக். ரெண்டே நிமிஷம், சுத்தமான தண்ணி, என் பிரஷ், யாருக்கும் தெரியாம மூடிடறேன்னேன். ‘தூசிக்கு எதுக்கு பிரஷ், நெவில்?’ங்கறாரு. சரி, துணியாவது போட்டுத் தொடைக்கறேன், சாவி கொடுங்கன்னேன். சாவி தொலைஞ்சுபோச்சாம். சங்கிலியில தொங்குது, நான் பாக்கறேன்!”

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே குடையோடு ஒரு ஆள் லாரிகளுக்கு நடுவே, எண்ணெய் மிதக்கும் குட்டைகளைத் தாண்டித் தாண்டி வந்தார். பட்டு அரைக்கோட்டில் சேறு தெறித்திருந்தது. தலைமை ஓவியர் ஃபென்னிமோர்.

“முன்வாசல்ல ஏதாவது பிரச்சனையா?” என்று கேட்டேன்.

“இல்லையே,” என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

ஃபென்னிமோர் குடையை மடக்கி, அட்டைப்பெட்டிகளுக்கு இடையே ஒருக்களித்து உள்ளே போனார். நெவில் கையிலிருந்த சாண்ட்விச்சை மறந்துவிட்டுச் செங்கல் சுவரைப் பார்த்தான். அந்தச் சுவருக்கு அப்பால், முழுக் கட்டடத்தையும் தாண்டி, முன்வாசல்.

“எட்டு செகண்டுக்கு ஒரு தடவ,” என்றான். “இங்க நின்னாலும் எனக்குத் தெரியுது, வாத்தே. இதோ, இப்போ.”

மழை கொஞ்சம் வலுத்தது.

“இப்போ,” என்றான்.